வளப்போட்டியா, வளப்பிணக்கா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
மெயின்பிரேம் என்னும் பெருங்கணினியை இயக்கும் ஆபரேட்டர்களின் வகுப்புக்கான கையேடு வியாழனன்று அச்சுக்குப் போகிறது. ‘ரிசோர்ஸ் கன்டென்ஷன்’, அதாவது ஒரே வளத்தைப் பல பணிகள் ஒரே நேரத்தில் கேட்பது, இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். வரும் இடம் இது: இரவு பேட்ச் (தொகுதியாக ஓடும் பணிகள்) ஓடும்போது கன்சோலில் ஐஇஎஃப்099ஐ என்ற செய்தி வருகிறது: ஜாப், அதாவது ஒரு பணி, டேட்டாசெட் என்னும் கோப்புக்காகக் காத்திருக்கிறது. ஜாப் ஓடுவதற்கான இடமாகிய இனிஷியேட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், சிபியு நேரம் ஏறாது. ‘டி ஜிஆர்எஸ்,சி’ என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்த ஜாப் டேட்டாசெட்டைப் பிடித்திருக்கிறது, எது காத்திருக்கிறது என்று காட்டும். ‘வளப்போட்டி’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

ஆந்திரச் சித்தூரிலிருந்து:
போட்டி வேண்டாம் ஐயா. போட்டியென்றால் வெற்றி தோல்வி உண்டு. ‘வளப்பிணக்கு’ என்க. கிளைகள் ஒன்றோடொன்று சிக்குவதும் பிணங்குதலே. பிணை, பிணி, பிணையல் யாவும் ‘பிண்’ என்னும் அடியில் கட்டுண்டு கிடப்பதைச் சொல்பவை. பெண்மானைக் குறிக்கும் பிணையும் இவ்வடியா என்பதைத் தனியே பேசவேண்டும்.

செங்கோட்டையிலிருந்து:
மானை விடுவோம். ஒன்று பிடித்திருப்பதை மற்றது கேட்டு, இரண்டும் நகராமல் சிக்கிக்கொள்வது டெட்லாக். டிபி2 என்னும் தரவுத்தள மென்பொருள் டெட்லாக்கையும் வெறும் காத்திருப்பையும் பிரித்தே சொல்கிறது: காரணக்குறி 00சி90088 என்றால் டெட்லாக், 00சி9008இ என்றால் காத்திருந்து நேரம் கடந்தது. பேட்ச் ஜாப் தனக்கு வேண்டிய டேட்டாசெட்டுகளைத் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கேட்டுவிடும். அதனால் அங்கே பெரும்பாலும் சிக்கல் இல்லை, வரிசைதான். இரண்டு ஜாப் ஒரே டேட்டாசெட்டை ‘டிஸ்ப்=எஸ்ஹெச்ஆர்’ (பகிர்ந்துகொள்ளலாம்) என்று படித்துக்கொண்டிருக்க, மூன்றாவது ‘ஓல்டு’ (எனக்கு மட்டும்) கேட்டால் நிற்கும். நான்காவது வெறும் ‘எஸ்ஹெச்ஆர்’ கேட்டாலும் மூன்றாவதன் பின்னால்தான் நிற்கவேண்டும். முறைத்தண்ணீர் போல: முன்னவர் மடையை அடைக்கும்வரை பின்னவருக்குப் பாய்ச்சல் இல்லை. ஆகவே பிணக்கு டெட்லாக்குக்கு, இதற்கு ‘வளநெரிசல்’.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
நெரிசலை நெட்வொர்க் பாடத்தில் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். பிணக்கு என்றால் இங்கே கேரளத்தில் மலையாளப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பிணக்கம், அதாவது ஊடல்தான் தோன்றும். போட்டி தெலுங்குக்காரருக்கும் புரியும்.

ஆந்திரச் சித்தூரிலிருந்து:
புரிவது வேறு, சரியாகப் புரிவது வேறு. ஒரே டேட்டாசெட்டுக்கு முதல் ஸ்டெப்பில் (படியில்) ‘ஓல்டு’, ஐந்தாம் ஸ்டெப்பில் ‘எஸ்ஹெச்ஆர்’ என்றிருக்கும் ஜாப், அதற்கென உள்ள விருப்பத்தை ஜாப்பின் தொடக்க வரியான ஜாப் கார்டில் கொடுக்காவிட்டால், ஐந்தாவது முடியும்வரை தனிப்பிடியை விடாது. இதில் என்ன போட்டி?

செங்கோட்டையிலிருந்து:
சொல் எதுவானாலும், பிடித்திருப்பதற்கும் காத்திருப்பதற்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள்: பற்றுபணி, காத்திருபணி. காத்திருப்பதை கேன்சல் செய்தால் அது போகும், அடைப்பு அப்படியே இருக்கும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
இவ்விரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். பற்றுபணி கோப்பில் எழுதிக்கொண்டிருந்தால், எந்த ஸ்டெப்பிலிருந்து மறுபடி ஓட்டலாம் என்று பார்த்த பிறகே அதை கேன்சல் செய்யவேண்டும் என்ற வரியும் வரும். தலைப்பு இப்போதைக்கு வளப்போட்டி. அச்சொல் முதலில் வரும் இடத்தில் கன்டென்ஷன் என்றும் இருக்கும்.

ஆந்திரச் சித்தூரிலிருந்து:
அச்சிடுங்கள். அடுத்த பதிப்பில் வளப்பிணக்கை மீண்டும் கேட்பேன்.