எக்கோ சரியாகத்தான் காட்டியது

முதல் பகிர்வு

மாதக் கடைசியில் ஒரு கோப்புறையை நீக்கும் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) அது. ‘பழைய கணக்கு’ என்ற அதன் பெயர் மாறிக்குள் (மதிப்பைச் சேமித்து வைக்கும் இடம்) சரியாக வந்திருக்கிறதா என்று, கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். பெயர் அப்படியே வந்தது. அந்த நம்பிக்கையில் எக்கோவை எடுத்துவிட்டு நீக்கும் கட்டளையான ஆர்எம் போட்டேன். திரையில் ஒரே ஒரு வரி: ‘பழைய’ என்று எதுவும் இல்லை. மேற்கோள்குறி இடாததால் ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) பெயரை இரண்டாக உடைத்துவிட்டது என்று புரிந்த அதே கணத்தில், ‘கணக்கு’ பற்றி ஏன் பிழைச்செய்தி வரவில்லை என்ற கேள்வியும் எழுந்தது. அந்தப் பெயரில் பக்கத்திலேயே நடப்பாண்டுக் கோப்புறை இருந்தது. அது போய்விட்டது. எக்கோ தனக்கு வரும் துண்டுகளை நடுவில் ஓர் இடைவெளி விட்டு அச்சிடுவதால், உடைந்த பெயரும் உடையாத பெயரும் அதில் ஒன்றுபோலவே தெரிந்திருக்கின்றன.

இரண்டாம் பகிர்வு

எக்கோவின் மீது பழி போடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. தவறு மேற்கோள்குறியை விட்டதில்தான் இருக்கிறது. எனக்கு நேர்ந்ததில் எக்கோவே கிடையாது. காப்புநகல் வைக்கும் இடம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று சதுர அடைப்புக்குள் மைனஸ் என் (மதிப்பு காலியாக இல்லையா என்று பார்ப்பது) கொடுத்துச் சோதித்திருந்தேன். மாறி காலியாக இருந்தும் ‘இடம் உள்ளது’ என்றே விடை வந்துகொண்டிருந்தது. மேற்கோள் இல்லாத காலி மாறி சுவடே இன்றி மறைந்துவிடுவதால் அடைப்புக்குள் மைனஸ் என் மட்டுமே மிஞ்சுகிறது; தனித்து நிற்கும் எந்தச் சொல்லும், காலியாக இல்லாதவரை, உண்மை என்றே கொள்ளப்படும்.

மூன்றாம் பகிர்வு

என்னுடையது சிறியது: மேக் டெர்மினலில் உடையாத பெயர் உபுண்டு சர்வரில் உடைந்தது. 2019-இல் வந்த கேட்டலினா முதல் மேக்கில் புதிய பயனர்களுக்கு இசட்ஷெல் என்ற ஷெல்தான் இயல்பாகக் கிடைக்கிறது; அது மேற்கோள் இல்லாத மாறியை இடைவெளியில் வெட்டுவதில்லை, உபுண்டுவில் இருக்கும் பாஷ் என்ற ஷெல் வெட்டும். ஆகவே, ஸ்கிரிப்ட் எந்த ஷெல்லில் ஓடப்போகிறதோ அதிலேயே சோதியுங்கள். சோதிக்க எக்கோ வேண்டாம் என்பதில் நான் முதல் நண்பரின் பக்கம். சொன்ன வடிவத்தில் அச்சிடும் பிரின்ட்எஃப் கட்டளைக்குக் கோண அடைப்புடன் கூடிய வடிவம் ஒன்றைக் கொடுத்தால், வந்துசேரும் ஒவ்வொரு துண்டுக்கும் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, துண்டுக்கு ஒரு வரியாகக் காட்டும். மாறியில் இரண்டு மதிப்புகளை மாற்றி மாற்றி வையுங்கள்: அடுத்தடுத்து இரண்டு இடைவெளிகள் உள்ள பெயர், தனி நட்சத்திரக்குறி. மேற்கோள் இல்லாத நட்சத்திரக்குறியைப் பாஷ் அந்தக் கோப்புறையிலுள்ள கோப்புகளின் பெயர்களாக மாற்றிவிடும்; அதைக் காலிக் கோப்புறையில் சோதிக்காதீர்கள். பொருந்தும் கோப்பு இல்லையென்றால் பாஷ் அதை அப்படியே விட்டுவிடும், நீங்களும் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவீர்கள். நீக்கும் கட்டளைகளில் மாறியின் பெயரை அடுத்து முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து நெளிவு அடைப்புக்குள் எழுதினால், மதிப்பு காலியாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

முதலில் எழுதியவர்

இன்று செய்து பார்த்தேன். மேற்கோள் இன்றி இரண்டு வரிகள் வந்தன. இரட்டை மேற்கோளுக்குள் வைத்தபோது ‘பழைய கணக்கு’ ஒரே அடைப்புக்குள் வந்தது. ஒற்றை மேற்கோளில் டாலர் குறியுடன் மாறியின் பெயரே அச்சானது.