மறு: அப்பேரண்ட் மோலார் வால்யூம், எலக்ட்ரோஸ்ட்ரிக்‌ஷன் – தமிழில்?

> ‘தோற்ற’ என்றால் பொய் என்று மாணவர் நினைப்பாரே? ‘உப்பின் மோலார் பருமன்’ என்றே எழுதலாம்.

வேண்டாம் ஐயா. ஒரு மோல் உப்பைக் கரைத்தால் கரைசலின் பருமன் (வால்யூம்) எவ்வளவு கூடுகிறதோ, அதுதான் ‘அப்பேரண்ட் மோலார் வால்யூம்’; அதற்கு நான் சொல்வது ‘தோற்ற மோலார் பருமன்’. நீரற்ற சோடியம் அசிடேட்டின் மோலார் நிறை 82.03 கிராம், திண்மத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.528 கிராம். அப்படியானால் ஒரு மோல் 53.7 கன செ.மீ. அதையே 25 டிகிரியில் நீர்த்த கரைசலில் அளந்தால் 39 சொச்சம்தான் வரும். நீரின் பருமன் மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டு, கூடியது குறைந்தது எல்லாவற்றையும் உப்பின் பேரில் எழுதுகிறோம். மக்னீசியம் சல்ஃபேட்டுக்கு மிக நீர்த்த நிலையில் எதிர்க்குறியே வருகிறது; அது எப்படி உப்பின் சொந்தப் பருமனாகும்? இயற்பியலில் ‘தோற்ற ஆழம்’ இருக்கிறதே, ‘தோற்ற மோலார் பருமன்’ இருக்கட்டும். பருமனுக்கு இலங்கை வழக்கான ‘கனவளவு’ம் கலைச்சொல் பதிவில் வரட்டும்.

‘பகுதி மோலார் பருமன்’ (பார்ஷியல் மோலார் வால்யூம்) வேறு. அது வகைக்கெழு, அதாவது இன்னும் சிறிதளவு உப்பைச் சேர்த்தால் மொத்தப் பருமன் மோலுக்கு என்ன வீதத்தில் மாறும் என்பது. அளவிலா நீர்த்தலில் (செறிவு சுழியை நெருங்கும்போது) மட்டும் இரண்டும் ஒன்றாகும்.

> எலக்ட்ரோஸ்ட்ரிக்‌ஷனுக்கு ‘மின்சுருக்கம்’ சரிதானே?

சுருங்குவது எது என்று கேள்வி வரும். அயனியின் மின்புலம் அருகிலுள்ள நீரை இழுத்து நெருக்குகிறது, ‘மின்னிறுக்கம்’ பொருந்தும். திண்மங்களில் அதே ஆங்கிலச் சொல் நீட்சியையும் குறிக்கும், அதற்கு ‘மின்திரிபு’ என்று தனியாக வைப்போம். எடுத்துக்காட்டாக டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடைப் போடாதீர்கள். நான்கு பியூட்டைல் சங்கிலிகள் மின்சுமையை மறைப்பதால் அங்கே இறுக்கம் சொற்பம். நீர்த்த கரைசலில் செறிவு கூடக்கூட அதன் தோற்றப் பருமன் குறையவும் செய்கிறது. சாதாரண உப்புகளில் கூடும். அசிடேட்டே போதும்.

> பதிவில் எத்தனை தசமம் கொடுக்கலாம்?

ஒன்று. தோற்றப் பருமனைக் கரைசலின் அடர்த்தியிலிருந்துதான் கணக்கிடுகிறோம். அடர்த்தியில் 0.000005 பிழை இருந்தால், 0.1 மோலாலில் (ஒரு கிலோ நீருக்கு 0.1 மோல் உப்பு) விடை 0.05 கன செ.மீ. தவறும், 0.01 மோலாலில் 0.5. வெப்பநிலை 0.01 டிகிரி நழுவினாலே அதில் பாதி போய்விடும். அடர்த்திமானியின் குழாயில் குமிழி நின்றால் அடர்த்தி குறைந்து பருமன் ஏறும், ஆகவே நீரைக் காற்று நீக்கியே எடுக்க வேண்டும். இதைவிட மோசம் உப்பின் ஈரம். அசிடேட்டில் எடைக்கு 1 சதவீதம் ஈரம் இருந்தால் மோலுக்கு 0.4 கன செ.மீ. கூடுதலாகக் காட்டும். செறிவை மாற்றினாலும் இந்தப் பிழை அப்படியே இருக்கும், வரைபடத்தில் கோடு அழகாகவே விழும். உலர்த்திய உப்பைத்தான் எடை போட வேண்டும்.