18% வைத்துக் கணக்குப் போடலாமா?

கேள்வி: நிஃப்டி (50 பெரிய கம்பெனிகளின் பங்குச் சந்தைக் குறியீடு) போலவே முதலீடு செய்யும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு), 15 வருஷம். வருஷ வருமானம் 18% என்று போட்டால் கால்குலேட்டர் 92 லட்சம் காட்டுகிறது. மகள் படிப்புக்கு இதை நம்பலாமா?

பதில் 1: நம்பாதீங்க. 1995 நவம்பரில் நிஃப்டி 1,000; 2024 நவம்பரில் 24,000 சுமார். வருஷக் கூட்டு வளர்ச்சி 11.6% தான், டிவிடெண்ட் (கம்பெனிகள் தரும் லாபப் பங்கு) சேர்த்தால் ஒரு சதவீதம் கூடும். 10% போட்டுப் பாருங்க, 42 லட்சம் வரும். விலைவாசி வருஷம் 6% ஏறினால் இன்றைய மதிப்பில் அது 17 லட்சம்தான். மாதத் தொகையை வருஷா வருஷம் கூட்டுங்க.

பதில் 2: கடைசி வருஷங்கள்தான் ஆபத்து. 2008 ஜனவரியில் 6,300 தாண்டிய நிஃப்டி அக்டோபரில் 2,300க்குக் கீழே போனது. ஃபீஸ் கட்ட 3 வருஷம் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக எஃப்டிக்கு (வங்கி நிரந்தர வைப்பு) மாற்றுங்க.

பதில் 3: வரியை மறக்காதீங்க. நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேல் போகும் நீண்டகால லாபத்துக்கு (ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரும் லாபம்) 12.5%. நாலைந்து நிதியாண்டுகளாகப் பிரித்து எடுத்தால் குறையும்.