ஏழாவது படிக்கிற பிள்ளைக்குக் கோடிங் வகுப்பு தேவைதானுங்களா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் தோட்டம். பொண்ணு ஏழாவது படிக்கிறாள். ஆன்லைனில் கோடிங் சொல்லித்தருகிறோம் என்று ஒரு கம்பெனியிலிருந்து விடாமல் போன். "இப்பச் சேர்க்கலைன்னா பின்தங்கிருவா" என்று பயமுறுத்துகிறார்கள். கேட்கிற ஃபீஸுக்கு ஒரு கறவை எருமையே பிடித்துவிடலாம். வீட்டுக்காரி சேர்த்துவிடலாம் என்கிறாள். அப்பாருக்கோ பிள்ளை கண் கெட்டுப்போகும் என்று கவலை. இந்த வயசில் இது உண்மையிலேயே உதவுமா?

கோபி வாத்தியார்:
பணம் கட்டாதீங்க. ஆனால் கத்துக்கொடுங்க.

அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். கணினி அறிவியல் எடுக்கிற பிள்ளைகளுக்குப் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று கோடிங் மொழிகள் வரும். அங்கே திணறுகிறவர்களில் பலருக்குக் கணக்கு நன்றாகவே வரும். ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லத்தான் வராது. அதைச் சின்ன வயசிலேயே பழக்கலாம். பிள்ளைகளுக்கென்றே இருக்கிற ஸ்கிராட்ச் என்கிற கோடிங் மென்பொருள் போதும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்டது, இன்றைக்கும் இலவசம். கட்டளைக் கட்டைகளை இழுத்துக் கோர்க்க வேண்டியதுதான்.

உங்கள் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்குமே, அதையே ஸ்கிராட்ச்சில் செய்யச் சொல்லுங்க. என் வகுப்பில் ஒரு பையன் செய்தான். மட்டம் 80-க்குக் கீழே போனால் மோட்டார் ஓடணும், 80-ஐத் தொட்டால் நிற்கணும். ஓடவிட்டான். வயலுக்கும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறதல்லவா, மட்டம் 80, 79, 80, 79 என்று ஆட, திரையில் மோட்டார் படபடவென்று போட்டுப் போட்டு அணைந்தது. "நெசத்துல இப்படி ஓடுனா ஸ்டார்ட்டர் கருகிருமுங்க சார்" என்றான் கடைசி பெஞ்சிலிருந்து எலக்ட்ரீஷியன் மகன் ஒருத்தன். அப்புறம் அவர்களே கூடிப் பேசினார்கள்: 30-க்கு இறங்கினால் போடு, 90-க்கு ஏறினால் நிறுத்து, நடுவில் இருந்தால் இருக்கிறபடியே விடு. மூன்றாவது வரிக்கு வந்து சேரத்தான் ஒரு பீரியட் முழுக்கப் போனது. அடுத்த வகுப்பில் ஒருத்தி, "கிணத்துலயே தண்ணி இல்லீனா?" என்று கேட்டாள். நானே அதை யோசித்திருக்கவில்லை.

ஆப் செய்து கோடி சம்பாதிப்பாள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்க.

பனியன் யூனிட், திருப்பூர்:
ஏனுங்க சார், இப்போ ஏஐ கேட்டதும் எழுதித் தருகிறதே? எங்கள் ஆபீஸில் எக்செல் வேலையைத் தானாகச் செய்கிற மேக்ரோவே அதனிடம்தான் வாங்குகிறோம்.

கோபி வாத்தியார்:
அது தப்பாகத் தந்தால் யாருங்க கண்டுபிடிக்கிறது?

பனியன் யூனிட், திருப்பூர்:
போன மாதம் பேக்கிங் லிஸ்டில் எக்ஸ்எல் சைஸை மட்டும் கூட்டாமல் விட்டிருந்தது. அட்டைப்பெட்டி எண்ணிக்கை இடித்தது. ஃபார்முலாவைப் பிரித்துப் பார்த்து எங்கள் பி.காம் பொண்ணுதான் பிடித்தது. அதனால்தான் சொல்கிறேன், எக்செல்லே சொல்லிக்கொடுங்க. திரையில் அந்த ஸ்கிராட்ச் பூனை பொம்மையை நடக்கவிட்டு என்ன ஆகப்போகிறது?

கோபி வாத்தியார்:
பத்தாவதுக்கு மேலே என்றால் நானும் எக்செல்தான் சொல்லுவேன். ஏழாவது பிள்ளையை எக்செல் கட்டங்களுக்கு முன்னால் உட்காரவைத்தால் எழுந்து ஓடிவிடும்.

நொய்யல்கரை:
தொட்டி விஷயம் நல்லாவே புரிந்ததுங்க. ஸ்டார்ட்டர் பெட்டியை நான் தொட்டாலே பக்கத்தில் வந்து நிற்கிற பிள்ளைதான். அண்ணன் மகனுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது. தோட்டத்தில் நெட் சரியாக வராது. அதில் ஓடுமுங்களா?

கோபி வாத்தியார்:
நெட் இல்லாமல் ஓடுகிற ஸ்கிராட்ச் தனியாக உண்டு. டவுனுக்குப் போகும்போது ஒருதரம் இறக்கிக்கொண்டால் சரி. விண்டோஸ் 10 இருக்கிறதா பாருங்க. இல்லாவிட்டால் பழைய 1.4 பதிப்பைப் போடுங்க, அது பழைய விண்டோஸிலும் ஓடும். எடுத்ததுமே தொட்டிக்குப் போகாதீங்க, கொஞ்ச நாள் அந்தப் பூனையோடு விளையாடட்டும்.