திரெட் ரத்தை நம்பகமாகச் சோதிப்பது எப்படி? மடிக்கணினியில் வெற்றி, ஆலைப் பெட்டியில் தோல்வி

பாகாவ்_நிரலன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நெகிரி செம்பிலான், பாகாவிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள செம்பனை ஆலை ஒன்றின் எடைமேடைக்காகச் சி மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு நூலகத்தைப் பராமரித்து வருகிறேன். குலை ஏற்றிய லாரி மேடையில் நின்றதும், எடைகாட்டி சீரியல் போர்ட் வழியாக அனுப்பும் எண்களை நூலகத்தின் ஒரு சார்பு படித்து, மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) ஒன்றின் பாதுகாப்பில் பொதுப் பட்டியலில் சேர்க்கிறது. அந்தச் சார்பை அழைக்கும் முதன்மை நிரல் வேறொருவர் எழுதியது. கிராணி திரையை மூடினாலோ போர்ட்டை மாற்றினாலோ, படித்துக்கொண்டிருக்கும் திரெட்டின் (நிரலுக்குள் தனியே ஓடும் இழையின்) மீது, அதை நடுவிலேயே முடிக்கக் கோரும் பிதிரெட்_கேன்சலை அந்த நிரல் விடுக்கிறது. அதை மாற்றும்படி கேட்க எனக்கு வழியில்லை. ஆகவே எந்தக் கட்டத்தில் ரத்து வந்தாலும் பூட்டு விடுபட வேண்டும், போர்ட் மூடப்பட வேண்டும், படித்த எண் எதுவும் காணாமற்போகக் கூடாது.

என்னிடம் உள்ள சோதனை இதுதான்: ஒரு திரெட்டைத் தொடங்கி, ஒரு வினாடி ஸ்லீப் செய்து, பிதிரெட்_கேன்சல் அழைத்து, திரெட் முடியும் வரை காத்திருக்கும் பிதிரெட்_ஜாயின் தரும் மதிப்பு பிதிரெட்_கேன்சல்ட் (ரத்தானது) ஆக இருக்கிறதா என்று பார்க்கிறேன். உபுண்டு 22.04 உள்ள மடிக்கணினியில் இது எப்போதும் தேறுகிறது. ஆலையில் உள்ள 64 பிட் ஆர்ம் பெட்டியில் அல்பைன் லினக்ஸ் ஓடுகிறது. அங்கும் இதே சோதனை தேறுகிறது. ஆனால் நடைமுறையில் ரத்துக்குப் பிறகு தொடங்கும் அடுத்த திரெட் மியூடெக்ஸில் காத்து நின்றுவிடுகிறது, திறந்திருக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டர்களும் (திறந்த கோப்பு, போர்ட்டுகளைக் குறிக்கும் எண்கள்) கூடிக்கொண்டே போகின்றன. பூட்டை விடுவிக்கவும் போர்ட்டை மூடவும் ஜிசிசி தொகுப்பியின் கிளீனப் பண்பை (மாறி தன் எல்லையை விட்டு நீங்கும்போது ஒரு சார்பைத் தானாக அழைப்பது) மாறிகளில் இட்டிருக்கிறேன். விதிவிலக்குகளுக்கு இடம் தரும் எஃப்-எக்செப்ஷன்ஸ் தெரிவுடன்தான் நூலகத்தைத் தொகுக்கிறேன்.

ஆலைக்குப் போகாமலேயே இந்தக் கோளாறைப் பிடித்துக் காட்டும் சோதனையை எவ்வாறு எழுதுவது?

ஆற்றோரம் எழுதியது:

வணக்கம் தம்பி. உங்கள் சோதனை சரிபார்ப்பது சி நூலகத்தின் வேலையை. உங்கள் நூலகத்தின் வேலையை அது தொடவே இல்லை. திரெட் ரத்தானதா என்பதற்குப் பதில் பெரும்பாலும் ஆம் என்றே வரும். ரத்தான பின் எந்த நிலையில் எதை விட்டுச் சென்றது என்பதைத்தான் சோதனை கேட்க வேண்டும்.

முதலில் ஒரு தாளில் உங்கள் ரத்துப்புள்ளிகளை எழுதிக்கொள்ளுங்கள். வேறு ஏதும் சொல்லாத வரை ஒரு திரெட்டில் ரத்து அனுமதிக்கப்பட்டும், ஒத்திவைக்கப்பட்ட வகையிலும் இருக்கும். அதாவது கோரிக்கை வந்தவுடன் எதுவும் நடக்காது, திரெட் அடுத்த ரத்துப்புள்ளியை அடையும்போதுதான் அது செயல்படும். ரீட், ரைட், போல், நானோஸ்லீப், செம்_வெயிட், பிதிரெட்_காண்ட்_வெயிட் ஆகியவை, யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரப்படி, கட்டாய ரத்துப்புள்ளிகள். பிதிரெட்_மியூடெக்ஸ்_லாக் ரத்துப்புள்ளி அன்று. பிரிண்ட்எஃப் ரத்துப்புள்ளியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று தரம் விட்டுவைத்திருக்கிறது. பலர் இடறுவது இங்கேதான்: பூட்டுக்கும் விடுவிப்புக்கும் நடுவே பிழைதேட இட்ட ஒரு பிரிண்ட்எஃப் வரி, வெளியீடு திரைக்குப் போகும்போது வரிக்கு வரி ரைட் அழைப்பாக மாறும், கோப்புக்குப் போகும்போது இடையகம் நிரம்பும் வரை அந்த அழைப்பே நிகழாது. ஆகவே ஒரே நிரல் திரையில் ஒருவிதமாகவும், பதிவுக் கோப்புடன் வேறுவிதமாகவும் ரத்தாகும். பூட்டுக்குள் இருக்கும் அத்தகைய வரிகளை, சோதனை எழுதுவதற்கு முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு தருணங்களைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஜிலிப்சி (உபுண்டுவில் உள்ள சி நூலகம்) தன்னைச் சோதிக்க வைத்திருக்கும் நிரல்களில் டிஎஸ்டி-கேன்சல்4 என்பது இவ்வாறுதான் அமைந்திருக்கிறது: ரத்தாகக்கூடிய சார்புகளை ஓர் அட்டவணையில் அடுக்கி, சார்புக்குள் உறங்கும்போது வரும் ரத்தையும், சார்பில் நுழையும் முன்பே நிலுவையில் இருக்கும் ரத்தையும் அது பிரித்துச் சோதிக்கிறது. குளோஸ் போன்று, உள்ளே நிறுத்திவைக்க முடியாத சார்புகளுக்கு இரண்டாவது வகை மட்டும் நடக்கும்.

நிலுவை வகை எளிது. எல்லாரும் வந்து சேரும் வரை திரெட்டுகளைத் தடுப்பில் நிறுத்தும் பிதிரெட்_பேரியர்_வெயிட் ரத்துப்புள்ளி அன்று என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். திரெட் தடுப்பில் வந்து நிற்கட்டும். முதன்மைத் திரெட் கேன்சல் விடுத்துவிட்டுத் தானும் தடுப்புக்கு வரட்டும். இருவரும் விடுபடும்போது கோரிக்கை நிலுவையில் இருக்கும் என்பது உறுதி. அதன் பிறகு உங்கள் சார்பை அழைத்தால், முதல் ரத்துப்புள்ளியிலேயே அது செயல்பட வேண்டும்.

உறங்கும் வகையில்தான் ஸ்லீப் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு வினாடி போதும் என்பது வேலைப்பளு இல்லாத மடிக்கணினியில் மட்டும் உண்மை. திரெட் உண்மையில் ரீட் அழைப்புக்குள் இருக்கிறதா என்பதைக் கர்னலிடமே கேட்கலாம்: ப்ரோக் கோப்பு முறைமையில் அந்தத் திரெட்டின் எண்ணுக்குரிய அடைவில் சிஸ்கால் என்ற கோப்பு இருக்கும், அதன் முதல் எண் தற்போது நிற்கும் கர்னல் அழைப்பைக் காட்டும். ரீட் அழைப்பின் எண் எக்ஸ்86-64 கணினியில் 0, 64 பிட் ஆர்மில் 63. அந்த எண் தெரியும் வரை சுற்றிக்கொண்டிருந்து, தெரிந்ததும் கேன்சல் விடுங்கள். கர்னலில் அந்தக் கோப்பு இல்லையென்றால் ஸ்டாட் கோப்பில் திரெட்டின் நிலை எஸ் என்று மாறுவதைப் பார்க்கலாம். ஆனால் தடுப்பில் உறங்கினாலும் அதே எழுத்துதான் வரும் என்பதால் அது சற்றுத் தளர்வான சான்று. எடைகாட்டிக்குப் பதிலாக ஓபன்பிடிஒய் தரும் போலி முனையத்தைப் பயன்படுத்துங்கள். பைப்பில் சீரியல் போர்ட்டின் காத்திருப்பு அமைப்புகள் எதுவும் பொருந்தாது.

ஜாயின் முடிந்த பிறகு, பூட்டு கிடைக்காவிட்டால் காத்திராமல் உடனே திரும்பும் ட்ரைலாக் கொண்டு மியூடெக்ஸைச் சோதியுங்கள். லாக் கொண்டு சோதித்தால் சோதனை தோற்பதற்குப் பதிலாகத் தொங்கிவிடும். ப்ரோக்கில் உள்ள எஃப்டி அடைவின் உருப்படிகளை முன்னும் பின்னும் எண்ணி ஒப்பிடுங்கள். கடைசியாக, முனையத்தில் எழுதப்பட்ட பைட்டுகள் பட்டியலில் இருக்கின்றனவா, அல்லது இன்னும் படிக்கப்படாமல் இருக்கின்றனவா என்று கூட்டிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து, எழுதிய அளவுக்குச் சமமாக வர வேண்டும்.

சிறு_கர்னல் எழுதியது:

ஆற்றோரம் ஐயா கூறிய முறை சரியானது. ஆனால் பூட்டு ஏன் ஆலைப் பெட்டியில் மட்டும் சிக்குகிறது என்பதற்கான விடை கேள்வியிலேயே இருக்கிறது என்று கருதுகிறேன்.

உபுண்டுவில் இருப்பது ஜிலிப்சி. அல்பைனில் இருப்பது மசல் என்ற வேறொரு சி நூலகம். ஜிலிப்சியில் ஒரு திரெட் ரத்தாகும்போது அதன் அழைப்பு அடுக்கு, சி++ விதிவிலக்கு எறியப்பட்டது போல, படிப்படியாகப் பின்னோக்கிப் பிரிக்கப்படுகிறது. நீங்கள் எஃப்-எக்செப்ஷன்ஸ் தெரிவுடன் தொகுத்திருப்பதால், அந்தப் பாதையில் கிளீனப் பண்பு இட்ட மாறிகளின் சார்புகளும் அழைக்கப்படுகின்றன. மசலில் அவ்வாறு அடுக்குப் பிரிப்பு நடப்பதில்லை. பிதிரெட்_கிளீனப்_புஷ் மூலம் பதிவு செய்த சார்புகளை மட்டும் கடைசியில் பதிந்ததிலிருந்து தலைகீழ் வரிசையில் அழைத்துவிட்டுத் திரெட்டை முடித்துவிடும். உங்கள் பூட்டு விடுவிப்பும் போர்ட் மூடலும் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. போசிக்ஸ் தரம் வாக்களிப்பதும் புஷ், பாப் ஆகிய இணையை மட்டும்தான். ஜிசிசியின் பண்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆகவே மசல் மீது குறை காண இடமில்லை.

புஷ், பாப் இரண்டும் மேக்ரோக்கள். ஒன்று அடைப்பைத் திறக்கும், மற்றது மூடும். இரண்டும் ஒரே சார்பில், ஒரே அடைப்பு மட்டத்தில் இருக்க வேண்டும். நடுவிலிருந்து ரிட்டர்ன் செய்து வெளியேறினால் விளைவு வரையறுக்கப்படாதது. பழைய நிரலைப் புதிய முறைக்கு மாற்றும்போது இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

எந்தக் கணினியில் எழுதினாலும், மசல் கொண்டு ஒரு முறை, ஜிலிப்சி கொண்டு எஃப்-எக்செப்ஷன்ஸ் உடன் ஒரு முறை, அது இல்லாமல் ஒரு முறை என மூன்று விதமாகத் தொகுத்து ஒரே சோதனையை ஓட்டுங்கள். ஜிலிப்சியின் சோதனைத் தொகுதியிலும் டிஎஸ்டி-கேன்சல்எக்ஸ் என்று பெயர் தொடங்கும் நிரல்கள், அதே சோதனைகளை அந்தத் தெரிவுடன் மறுபடி தொகுத்தவைதாம். மடிக்கணினியில் அல்பைன் கொள்கலன் (கணினிக்குள் தனியே ஓடும் சிறு அல்பைன் சூழல்) ஒன்றைப் போட்டால் ஆலைக்குப் போகும் தேவை வராது.

பாகாவ்_நிரலன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. புஷ், பாப் இணைக்கு மாற்றியதும் அல்பைன் கொள்கலனில் ட்ரைலாக் சோதனையும் டிஸ்கிரிப்டர் எண்ணிக்கையும் தேறுகின்றன. ஆனால் ஆற்றோரம் ஐயா சொன்ன பைட்டுக் கணக்கு ஒரு புதுச் சிக்கலைக் காட்டுகிறது. முனையத்தில் ஒரு பைட் எழுதுவதையும் கேன்சல் விடுவதையும் இரு வேறு திரெட்டுகளில் ஒரே நேரத்தில் நிகழும்படி வைத்து நெடுநேரம் ஓட்டினால், உபுண்டுவில் மிக அரிதாக ஒரு பைட் பட்டியலிலும் இல்லை, முனையத்திலும் இல்லை. அல்பைனில் இது நிகழவில்லை. இது என் நூலகத்தின் பிழையா?

ஆற்றோரம் எழுதியது:

முதலில் சோதனையையே சந்தேகிப்போம். ரீட் முறையாகத் திரும்பி, அடுத்த ரத்துப்புள்ளியில் திரெட் ரத்தானால், பைட் உங்கள் இடையகத்தில் வந்த பிறகுதான் தொலைந்தது. அது உங்கள் பொறுப்பு. இதைப் பிரித்தறிய, ரீட் தவிர வேறு ரத்துப்புள்ளியே இல்லாத ஒரு வெற்றுத் திரெட்டை எழுதி, ரீட் திரும்பிய உடனே ஓர் அணு மாறியில் குறியிடச் செய்யுங்கள். அப்போது முடிவுகள் இரண்டுதான்: குறி இருந்தால் பைட் படிக்கப்பட்டது, ரத்தாகிக் குறி இல்லையென்றால் பைட் முனையத்தில் அப்படியே இருக்க வேண்டும்.

இந்த வெற்றுத் திரெட்டிலும் பைட் தொலைந்தால் குற்றம் உங்களுடையது அன்று. உபுண்டு 22.04 கொண்டிருப்பது ஜிலிப்சி 2.35. அந்த வரிசையில் ரீட் போன்ற உறைச் சார்புகள், கர்னல் அழைப்புக்குச் சற்று முன் ரத்து வகையை உடனடி வகைக்கு மாற்றி, அழைப்பு முடிந்ததும் பழைய வகைக்குத் திருப்பின. கர்னல் பைட்டை எடுத்துக் கொடுத்துவிட்டது, ஆனால் வகை இன்னும் திருப்பப்படவில்லை என்ற குறுகிய இடைவெளியில் ரத்துச் சிக்னல் வந்தால், திரெட் அங்கேயே முடிந்துவிடும். லாரி எடை போடப்பட்டு, சீட்டு அச்சாகும் முன் மேடையை விட்டு இறங்கிப் போனது போன்ற நிலை அது. ஓபன் அழைப்பில் இதே இடைவெளி, யாருக்கும் தெரியாத ஒரு டிஸ்கிரிப்டரைத் திறந்தபடி விட்டுச் செல்லும். ஜிலிப்சியின் பிழைப் பட்டியலில் 12683 என்ற எண்ணில் 2011ஆம் ஆண்டிலேயே பதிவான பிழை இது. 2025 ஜனவரியில் வெளிவந்த 2.41 பதிப்பில்தான் திருத்தம் சேர்ந்தது. டெபியன் 13 இல் அந்தப் பதிப்பு இருக்கிறது. அதில் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

மசல் இதை வேறு வழியில் கையாள்கிறது. சிக்னல் வந்ததும், நிரல் எந்தக் கட்டளையில் நின்றது என்று அதன் கையாளி பார்க்கிறது. அந்த இடம் கர்னல் அழைப்புக்கு முன்னாலுள்ள சிறு பகுதிக்குள் இருந்தால் மட்டுமே ரத்து செயல்படும். அழைப்பு வேலையை முடித்து அடுத்த கட்டளைக்கு வந்துவிட்டால், ரீட் முறையாகத் திரும்பும், கோரிக்கை நிலுவையில் நிற்கும். வேலை எதுவும் செய்யாமல் குறுக்கிடப்பட்ட அழைப்பைக் கர்னல் மறுபடி தொடங்க வைக்கும்போது நிரல் அந்த அழைப்புக் கட்டளைக்கே திரும்ப நிறுத்தப்படுவதால், இந்த ஒப்பீடு பிழையின்றிப் பொருந்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வுகளில் இது ஒன்று.

இத்தகைய இடைவெளியை வெறும் சுழற்சியால் பிடிப்பது வாய்ப்பைப் பொறுத்தது. ஒரு லட்சம் முறை ஓடித் தேறியது என்பது பிழை இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஜிடிபி பிழைதிருத்தியில் கர்னல் அழைப்புக்கு அடுத்த கட்டளையில் நிறுத்துப்புள்ளி வைத்து, அங்கே அந்தத் திரெட்டை மட்டும் நிறுத்தி, அதே நேரத்தில் மற்றத் திரெட் கேன்சல் விடும்படி செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரே விடை கிடைக்கும்.

குலைக்கணக்கு எழுதியது:

எனக்கு வேறு கருத்து உண்டு. இத்தனை புள்ளிகளையும் சோதிப்பதை விட, புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே அறிவுடைமை. நூலகச் சார்பில் நுழைந்ததும் பிதிரெட்_செட்கேன்சல்ஸ்டேட் கொண்டு ரத்தைத் தடுத்துவிடுங்கள். சீரியல் போர்ட்டில் விமின் (குறைந்தது எத்தனை பைட்) 0, விடைம் (காத்திருப்பு, பத்தில் ஒரு பங்கு வினாடிக் கணக்கில்) 5 என்று அமைத்தால், எண் எதுவும் வராதபோது ரீட் அரை வினாடியில் வெறுங்கையுடன் திரும்பும். ஒவ்வொரு சுற்றிலும் பூட்டு எதையும் பிடிக்காத ஓர் இடத்தில் ரத்தை மீண்டும் அனுமதித்து, பிதிரெட்_டெஸ்ட்கேன்சல் அழைத்து, மறுபடி தடுங்கள். ரத்து நிகழக்கூடிய இடம் ஒன்றே ஒன்றாகிவிடும். ஜிலிப்சியின் பழைய பதிப்பும் உங்களைத் தொடாது, ஏனெனில் ரீட் நடக்கும்போது ரத்து தடுக்கப்பட்டிருக்கிறது. கிராணி திரையை மூடும்போது அரை வினாடி தாமதம் ஆகும் என்பதுதான் இதற்கான விலை.

இதற்கும் ஒரு சோதனை வேண்டும். வெளியேறும்போது ரத்தை அனுமதித்துவிட்டுப் போகக் கூடாது. நுழையும்போது இருந்த நிலையைச் சேமித்து அதையே திருப்பி வைக்க வேண்டும். முதன்மை நிரல் தன் தேவைக்காக ரத்தைத் தடுத்து வைத்துவிட்டு உங்கள் சார்பை அழைத்திருக்கலாம். அத்தகைய நிலையில், சுற்றுக்குள் நீங்கள் டெஸ்ட்கேன்சல் அழைக்கும் இடத்திலும் அனுமதி தரக் கூடாது. சேமித்த பழைய நிலையையே வைக்க வேண்டும். ரத்தைத் தடுத்து, கேன்சல் விடுத்து, உங்கள் சார்பை அழைத்து, அது முறையாகத் திரும்பிய பின் நிலை இன்னும் தடுப்பாகவே இருக்கிறதா என்று செட்கேன்சல்ஸ்டேட் தரும் பழைய மதிப்பைப் பாருங்கள்.

சிறு_கர்னல் எழுதியது:

குலைக்கணக்கு அவர்களின் முறையை நானும் ஏற்கிறேன். ஒரு சிறு குறிப்பு மட்டும். என்றாவது ஆலைப் பெட்டியை ஜிலிப்சி உள்ள லினக்ஸுக்கு மாற்றினால், பெட்டியில் நிறுவும் படிமத்தைச் சுருக்குகிறோம் என்று லிப்ஜிசிசி_எஸ் நூலகத்தை நீக்கிவிடாதீர்கள். அடுக்கைப் பிரிக்க ஜிலிப்சி அதை ரத்தின்போதுதான் தேடி ஏற்றும். கிடைக்காவிட்டால், பிதிரெட்_கேன்சலுக்கு அது நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்ற ஒரு வரியை எழுதிவிட்டு நிரல் முழுவதையும் நிறுத்திவிடும். தொகுக்கும்போதோ நிரல் தொடங்கும்போதோ இந்தக் குறை வெளியே தெரியாது. ஆகவே சோதனையை முழு மடிக்கணினியில் மட்டுமன்றி, பெட்டிக்குப் போகும் அதே படிமத்துக்குள்ளும் ஒரு முறை ஓட்டுங்கள்.