மறு: பெண்கள் லக்ராஸ் – ‘டிரா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் லக்ராஸ் அணியைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தருகிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் வீடு அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் பார்க்கிலிருந்து காரில் இருபது நிமிடம். மகள் எட்டாம் வகுப்பு. அவளும், வலை கட்டிய கோலில் பந்தை ஏந்தி ஓடும் இந்த ஆட்டம்தான் ஆடுகிறாள். செய்திக்குப் பஞ்சமில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ 1982இல் பெண்கள் லக்ராஸ் வாகையர் போட்டியைத் தொடங்கியதிலிருந்து மேரிலாந்து 14 முறை வென்றிருக்கிறது. அதில் 1995 முதல் 2001 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ச்சியாக. அணியின் சின்னம் ஆமை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பாள் என் பாட்டி. கோப்பைகள் அடுக்கிய இந்த வீட்டைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ!

சிக்கல் சொற்களில்தான். கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். ‘நடுக்கள வீராங்கனை 9 சமநிலைக் கட்டுப்பாடுகளைப் பெற்றார்’ என்று வந்தது. பந்தை எழுப்பி ஆட்டத்தைத் தொடங்கும் ‘டிரா’வை, ஆட்டம் சமனில் முடியும் ‘டிரா’ என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. அடுத்த வரியில் ‘ஸ்டூடண்ட்-அத்லீட்’ என்பதற்கு ‘மாணவ தடகள வீராங்கனைகள்’. மகள் படித்துவிட்டு, “இவங்கல்லாம் ஓட்டப்பந்தயம் ஓடுறவங்களாம்மா?” என்று கேட்டாள்.

எனக்கு வேண்டியவை: டிரா, டிரா கண்ட்ரோல், கிரேடில், ஸ்டூடண்ட்-அத்லீட். மலர் அச்சுக்குப் போக இரண்டு வாரம் இருக்கிறது. உதவுங்கள்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸ் வருகிறது. அப்போது நம் நாளிதழ்களும் அவசர அவசரமாக ‘சமநிலைக் கட்டுப்பாடு’ என்று போடும். அதற்குள் நாம் ஏதாவது செய்துவைப்போம்.

முதலில் ஆட்டத்தின் பெயர். அதை அப்படியே ‘லக்ராஸ்’ என்று விடுங்கள். அதுவே இரவல் பெயர். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டத்தைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள், கையிலிருந்த வளைந்த கோலைக் கொண்டு வைத்தது. மோஹாக் மக்களிடம் ஆட்டத்துக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி லக்ராஸின் உயர்ந்த விருதான ‘தெவாராட்டன்’ அந்தப் பெயரில்தான் வழங்கப்படுகிறது. இரவலுக்கு மேல் நாம் வேறு ஒரு இரவல் செய்ய வேண்டாம்.

இனி டிரா. அகராதியை மூடிவிட்டு ஆட்டத்தைப் பார்ப்போம். (நான் பார்த்தது யூடியூபில்தான், நீங்கள் நேரில் பார்ப்பவர், தப்பிருந்தால் திருத்துங்கள்.) நடுவட்டத்தில் இரண்டு பெண்கள் நடுக்கோட்டில் கால் வைத்து எதிரெதிரே நிற்கிறார்கள். இடுப்புக்கு மேலே கோல்கள் இரண்டும் கிடையாக. வலைத்தலைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்க, நடுவர் அந்த இடுக்கில் பந்தை வைக்கிறார். பின்வாங்கி விசில் ஊதும்வரை இருவரும் சிலை. விசில் வந்ததும் கோல்களை மேல்நோக்கி விசையோடு இழுத்து விலக்க, பந்து நடுவிலிருந்து பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் போகிறது. இருவர் தலைக்கும் மேலே எழும்ப வேண்டும் என்பது விதி. எழும்பாவிட்டால் தப்பாட்டம். ஆண்கள் ஆட்டத்தில் இது கிடையாது. அங்கே பந்து தரையில் இருக்கும், இருவரும் குனிந்து கோலால் அமுக்கிப் பிடுங்குவார்கள். அதற்குப் பெயரே வேறு.

ஆக, ஆங்கிலக்காரர் ‘இழுப்பதை’ப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். ‘இழுப்பு’ என்று நாமும் வைத்தால் மருத்துவமனை நினைவுதான் வரும். நமக்குக் கண்ணில் படுவது பந்து எழுவது. எனவே என் பரிந்துரை: எழுபந்து. எழுகதிர், சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. எழுந்த பந்து, எழுகிற பந்து, எழும் பந்து மூன்றும் அதற்குள் அடக்கம். நடுவில் ‘ப்’ போட்டுவிடாதீர்கள், ‘எழுப்பந்து’ பிழை.

டிரா கண்ட்ரோலில் ஒரு நுணுக்கம் உண்டு. கணக்கில் பெயர் ஏறுவது கோலை இழுத்தவளுக்கு அல்ல, கடைசியில் பந்தைத் தன் வலைக்குள் கொண்டுவந்தவளுக்கு. இழுத்தவளே பிடித்தாலும் சரி, வட்டத்தின் ஓரத்தில் காத்திருக்கும் தோழியை நோக்கித் தட்டிவிட்டு அவள் பிடித்தாலும் சரி. ஆகவே ‘கட்டுப்பாடு’ வேண்டாம். ‘ஒன்பது எழுபந்துகளை வசப்படுத்தினாள்’ என்று எழுதுங்கள். பட்டியலில் ‘எழுபந்து வசம் – 9’ போதும்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதையும் கட்டுரையில் ஒரு பத்தி சொல்லிவிடுங்கள், நம் ஆட்களுக்குப் புரியாது. கால்பந்திலும் கூடைப்பந்திலும் நீ ஒரு கோல் போட்டால் பந்து எதிரணிக்குப் போகும். கல்லூரிப் பெண்கள் லக்ராஸில் அப்படி இல்லை. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் மறுபடி நடுவட்டம், மறுபடி எழுபந்து. அதை வசப்படுத்திக்கொண்டே இருக்கும் அணி அடுத்தடுத்து நாலைந்து கோல் போட்டுவிடும். எதிரணி முன்வரிசை அதுவரை பந்தையே தொட்டிருக்காது. 2014, 15, 16 மூன்று ஆண்டும் தெவாராட்டன் விருதை வாங்கிய முதல் ஆள் உங்கள் மேரிலாந்தின் டெய்லர் கமிங்ஸ். அவரைப் பற்றி எழுதுவதென்றால் இந்தச் சொல் இல்லாமல் நகர முடியாது.

கிரேடில்: ‘தாலாட்டு’ என்று யாரோ முன்பு இங்கே எழுதிய ஞாபகம். அழகாக இருக்கிறது, ஆனால் தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதுதான் தாலாட்டு. இங்கே பாட்டில்லை. ஓடும்போது பந்து வலையிலிருந்து விழாமல் கோலை இப்படியும் அப்படியும் அசைப்பது. நான் அந்த வலைப்பையைப் பார்த்ததும் நினைத்தது தூளியை. சேலையைக் கட்டித் தொங்கவிட்ட தூளியேதான். ஆகவே வலைப்பைக்குத் தூளி, அசைப்புக்குத் தூளியாட்டல். பெண்கள் கோலில் தூளி ஆழமாக இருக்கக்கூடாது. பந்தைப் போட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் விளிம்புக்கு மேலே பந்தின் தலை தெரிய வேண்டும். ஆழம் குறைவாக இருப்பதால்தான் ஆட்டிக்கொண்டே ஓட வேண்டியிருக்கிறது.

கடைசிச் சொல்லான ஸ்டூடண்ட்-அத்லீட்தான் கனமானது. அதில் இரண்டு கண்ணி.

ஒன்று, ‘தடகளம்’. நம்மூர் ஆங்கிலத்தில் அத்லெடிக்ஸ் என்றால் ஓட்டம், தாண்டல், எறிதல். அமெரிக்கர்களுக்கு எல்லா விளையாட்டும் அதுதான். பல்கலைக்கழகத்தின் ‘அத்லெடிக்ஸ்’ துறையை ‘தடகளத் துறை’ என்று எழுதினால் நீச்சலும் லக்ராஸும் எங்கே போகும்? விளையாட்டுத் துறை என்று எழுதுங்கள். நம் கல்லூரிகளின் ‘உடற்கல்வித் துறை’யும் பொருந்தாது, அங்கே இது கல்வி கற்பிக்கும் துறை அல்ல. இதே மாதிரிக் கண்ணி 1972 அமெரிக்கச் சட்டத்திலும் இருக்கிறது, பெண்கள் அணிகள் பெருகக் காரணமான அந்தச் சட்டம். அதன் ‘டைட்டில் நைன்’ என்பதைத் ‘தலைப்பு 9’ என்று பலர் எழுதுகிறார்கள். அது தலைப்பே அல்ல, சட்டத்தின் ஒரு பாகம். ‘ஒன்பதாம் பாகம்’ என்றால் சரி.

இரண்டாவது கண்ணி ‘மாணவ வீரர்’ என்ற தொடர். இலக்கணக்காரர் கேட்பார்: இது என்ன தொகை? ‘மாணவரும் வீரரும்’ என்று உம்மைத்தொகையாக விரித்தால் கபிலபரணர் மாதிரி இரண்டு ஆட்கள் ஆகிவிடும். உயர்திணை உம்மைத்தொகை பன்மையில்தான் முடியும் என்பது நன்னூல் விதி. நாம் மரியாதைக்கு ‘ர்’ போடுவதால் குழப்பம் கூடுகிறது. ‘மாணவராகிய வீரர்’ என்று இருபெயரொட்டாக விரித்தால் ஆள் ஒருவர்தான், ஆனால் அழுத்தம் வீரரில் விழும். சாரைப்பாம்பு முதலில் பாம்பு, அப்புறம்தான் சாரை.

இதை வெறும் இலக்கணச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. அந்த ஆங்கிலத் தொடரே ஒரு வழக்கில் பிறந்தது மாதிரிதான். 1955இல் கொலராடோவில் ரே டென்னிசன் என்ற கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி, தொழிலாளர் இழப்பீடு கேட்டார். இறந்தவர் தொழிலாளியா, மாணவரா? 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் இழப்பீடு இல்லை என்றது. ஆட்டக்காரர்களைப் பணியாளர் என்று சொல்லிவிடுவார்களோ என்ற அந்தக் காலத்து அச்சத்தில்தான் இந்தச் சொல்லை உருவாக்கிப் புழக்கத்தில் விட்டோம் என்று என்சிஏஏவின் முதல் செயல் இயக்குநர் வால்டர் பயர்ஸே பின்னாளில் எழுதினார். 2021இல் அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் தலைமை வழக்குரைஞர் இந்தச் சொல்லே ஆட்களை ஏமாற்றுகிறது என்று சொல்லி, ‘கல்வி நிறுவனங்களில் ஆடுபவர்கள்’ என்று எழுதத் தொடங்கினார். 2025இல் அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதே 2025இல் ஒரு வழக்கின் சமரசத்தின்படி பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம் என்றும் ஆகிவிட்டது.

நம்மூரில் ‘ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த பொண்ணு’ என்போம். அது சேர்க்கையோடு முடிகிற கதை. அங்கே பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பயிற்சி வாங்கலாம் என்று விதி. போட்டி நாளை எத்தனை மணி நேரம் ஆனாலும் மூன்று மணி என்றுதான் கணக்கிடுவார்கள். பெரிய அணிகளிலும் எல்லாருக்கும் முழு உதவித்தொகை என்று நினைக்காதீர்கள். நெடுங்காலம் பெண்கள் லக்ராஸுக்கு உச்சவரம்பு 12 முழு உதவித்தொகை. அதை முப்பது பேருக்குப் பிட்டுக் கொடுத்தார்கள்.

ஆகவே என் யோசனை இது. என்சிஏஏ சொன்னதாக எழுதும் இடத்தில் ‘மாணவ வீரர்’ என்று போடுங்கள், அது அவர்கள் சொல், அவர்கள் பொறுப்பு. உங்கள் சொந்த வாக்கியத்தில் கல்லூரி ஆட்டக்காரர் என்றோ ‘அணியில் ஆடும் மாணவி’ என்றோ எழுதுங்கள். ஒரு வழக்கறிஞருக்கு வேண்டியிருந்த ஒட்டுவேலையை நாம் ஏன் தமிழில் மறுபடி செய்ய வேண்டும்?

*

வணக்கம்.

ஐயாவின் விளக்கம் வாசிக்கச் சுவையாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு குறிப்பு மட்டும்.

தூளியை நாங்கள் ஏணை என்போம். ஆனாலும் தூளி விளங்கும், இருக்கட்டும். யாராவது ஆர்வக்கோளாறில் லக்ராஸை ‘வலைப்பந்து’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இங்கே வலைப்பந்து என்றால் நெட்போல், பெண் பிள்ளைகள் பாடசாலைகளில் விளையாடுவது. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

அதே காரணத்தால் எழுபந்தும் எனக்கு இடறுகிறது. எறிபந்து, கைப்பந்து, கூடைப்பந்து, கரப்பந்து என்று ‘பந்து’ என முடிந்தாலே அது ஒரு விளையாட்டின் பெயர் என்றுதான் காது எடுத்துக்கொள்ளும். ‘எழுபந்தில் வென்றாள்’ என்றால் அது எந்த விளையாட்டு என்று கேட்பார்கள். பந்தை முன்னால் போட்டு பந்தெழுப்பு என்றால் செயல் என்று தெரியாதா?

*

ஐயாவுக்கும் யாழ்ப்பாண நண்பருக்கும் நன்றி.

நேற்று மாலை மகளை மைதானத்தில் விட்டுவிட்டு இரண்டு சொற்களையும் அங்கேயே சோதித்துப் பார்த்தேன். பயிற்சி முடிந்து காரில் ஏறியதும், “எழுபந்துல இன்னிக்கு எத்தனை?” என்றேன். திருதிருவென்று விழித்தாள். சிக்னலில் நின்றபோது, “சரி, பந்தெழுப்பு எத்தனை எடுத்தே?” என்றேன். பல்காப்பைக் கழற்றி உறைக்குள் போட்டுக்கொண்டே, “அஞ்சு. ஆனா ரெண்டுதான் நான் புடிச்சேன், மிச்சம் சாராவுக்குப் போச்சு” என்றாள். நான் விளக்கவே இல்லை. எடுப்பது வேறு, வசப்படுத்துவது வேறு என்பதை அவளே பிரித்துச் சொல்லிவிட்டாள். ஆகவே பந்தெழுப்பு. ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், ‘வசம்’ உங்களுடையது, அப்படியே வைத்திருக்கிறேன்: ‘பந்தெழுப்பு வசம் – 9’.

தூளியாட்டலுக்கு வீட்டில் எதிர்ப்பே இல்லை. அவளைத் தூளியில் போட்ட படம் ஒன்று மதுரையில் எடுத்தது இருக்கிறது, அதைக் காட்டியதும் புரிந்துவிட்டது. கோலை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து மலருக்கு அனுப்பலாம் என்கிறாள்.

‘கல்லூரி ஆட்டக்காரர்’ என்று மாற்றிவிட்டேன். ‘மாணவ வீரர்’ கட்டுரையில் ஒரே ஒரு இடத்தில், மேற்கோள் குறிக்குள் மட்டும் வருகிறது. மலர்க் குழுவில் ஒருவர் ‘வீராங்கனை’ என்று மாற்றச் சொல்கிறார், ஆண்பாலாகத் தெரிகிறதாம். ‘ஆட்டக்காரி’ என்று போடலாமா என்றால் இன்னொருவர் முகம் சுளிக்கிறார். இதைப் பற்றி இங்கே முன்பே சண்டை நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இழை எண் தெரிந்தவர்கள் அனுப்பினால் அதைப் படித்துவிட்டு முடிவு செய்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.