சிக்கிள் செல் ஹீமோகுளோபினை 3டி அச்சில் எடுக்க வழிகாட்டல் தேவை

நீலகிரிப் பழங்குடியினரிடையே சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான சிக்கிள் செல் இரத்தசோகை இருப்பது 1952-லேயே பதிவாகியும், அதன் காரணமான ஹீமோகுளோபின் (இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) மாற்றத்தை எங்கள் ஊர்க் குடும்பங்களுக்குக் கண்ணால் காட்டி விளக்க என்னிடம் ஒன்றுமில்லை. 1971-இல் 7 புரதக் கட்டமைப்புகளுடன் தொடங்கி, இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை இலவசமாகத் தரும் புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற இணையத் தரவகத்தில், இயல்பான ஹீமோகுளோபின் 4எச்எச்பி (4HHB) என்ற குறியீட்டிலும் நோய்க்குரியது 2எச்பிஎஸ் (2HBS) என்ற குறியீட்டிலும் கிடைக்கின்றன. ஹீமோகுளோபினில் உள்ள அமினோ அமிலத் தொடர்களுள் ஒன்றான பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வந்த வாலின் என்ற அமினோ அமிலம், பக்கத்து மூலக்கூறின் குழிவில் பொருந்தி ஒட்டிக்கொள்வதை (பல பக்க விளக்கத்துக்கு அந்த ஒரு காட்சி ஈடாகும் என்பது என் உறுதியான எண்ணம்) அவர்கள் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால், மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் கைமேராஎக்ஸ் மென்பொருளில் எடுத்த நாடா வடிவம் (சங்கிலியின் போக்கை மட்டும் பட்டையாகக் காட்டுவது) அச்சில் மெலிந்து உடைந்துவிடுகிறது. நாடாவின் தடிமனை எவ்வளவு வைக்கலாம், அல்லது மூலக்கூறின் வெளிப்புறத்தை முழுதாகக் காட்டும் மேற்பரப்பு வடிவமே நல்லதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து தெரிவிக்க வேண்டுகிறேன்.